வளைவில் நின்ற மஞ்சள் பலகை

மூன்று வருஷமாக ஆர்லன் ஸ்டெய்ன்கே லோர்னா வீட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. பால் வாங்கப் போகும்போது அவளுடைய வண்டி கடை வாசலில் நின்றால், வந்த வழியே திரும்பிவிடுவார். மொன்டானாவின் அந்தக் கோடியில் இருப்பதே ஒரு கடைதான் என்பதால், பல நாள் அவர் வீட்டில் பாலில்லாத காபிதான்.

இன்றைக்குத் தப்ப வழியில்லை. ஆர்லன் அந்தக் கவுண்டிக்கு, அதாவது மாவட்டத்துக்கு, மரண விசாரணை அதிகாரி; அங்கே அது ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற பதவி. ஐந்து தேர்தலில் ஜெயித்தவர், ஐந்திலும் எதிர்த்து நிற்க ஆளே வரவில்லை. தலைநகரத்தில் இப்போது புதுச் சட்டம் போட்டுவிட்டார்கள். முன்னாள் சிப்பாய்களும், மாதம் இரண்டு நாள் பயிற்சிக்குப் போகிற ரிசர்வ் படையினரும் தற்கொலை செய்துகொண்டால் அது தனியாகப் பதிவாக வேண்டும். கடந்த ஐந்து வருஷத்து மரணச் சான்றிதழ்களையும் எடுத்துப் பார்த்து, தப்பு இருந்தால் குடும்பத்திடம் நேரில் சொல்லித் திருத்த வேண்டும்.

அவர் எழுதியதில் ஒன்று தப்பு. தெரிந்தே எழுதிய தப்பு.

லோர்னாவின் கணவன் டாரெல், ரிசர்வ் படையில் பத்தொன்பது வருஷம் லாரி ஓட்டச் சொல்லிக்கொடுத்த சார்ஜென்ட். ஒரு மார்ச் மாதக் காலையில் அவனுடைய வண்டி ஆற்று வளைவுப் பள்ளத்தில் கிடந்தது. சாலையில் பொட்டு ஈரமில்லை. முந்தின நாள்தான் படைச் சாமான்களையெல்லாம் முகாமில் ஒப்படைத்திருந்தான். வாழப் பிடிக்கவில்லை என்று டாரெல் அதற்கு முந்தின வாரம் சொன்னதை, படைக் கூட்டாளி ரஸ் ஆர்லனின் தோளில் சாய்ந்து சொல்லி அழுதான். அத்தனையும் கேட்டுக்கொண்டு, 'பனிக்கட்டியில் வழுக்கி விபத்து' என்று எழுதினார் ஆர்லன். லோர்னா தாங்கமாட்டாள் என்று நினைத்தார். ராணுவத்தில் இருந்தாரா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று போட்டார். பயிற்சி சனி, ஞாயிறில்தான். டாரெல் செத்தது செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை செத்தவனைச் சிப்பாய் என்று எழுதும் வழக்கம் அந்தப் பக்கத்தில் எவருக்கும் இல்லை.

அதோடு முடிந்ததா? அவர் அறிக்கையைப் படித்த சாலைத் துறைக்காரர்கள், வளைவில் 'கவனம், பனிக்கட்டி' என்று மஞ்சள் பலகை வேறு நட்டுவிட்டார்கள்.

கதவைத் திறந்த லோர்னா, பள்ளிப் பேருந்து ஓட்டுநரின் சட்டையைக்கூட மாற்றியிருக்கவில்லை. காலைச் சவாரி முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள்.

"பாத்திரத்துக்கா வந்தீங்க?" என்றாள். சாவு வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற பாத்திரத்தின் அடியில் பெயர் எழுதி ஒட்டுவது அங்கே வழக்கம். "ஸ்டெய்ன்கேன்னு எழுதி ஒட்டினது மூணு வருஷமா என் அலமாரியில குடியிருக்கு. மத்தவங்க எல்லாம் ஒரே மாசத்துல வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்க."

ஆர்லன் திருத்தப் படிவத்தை மேஜையில் வைத்துவிட்டுச் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு மறந்துபோயிற்று.

"லோர்னா, டாரெல் விஷயத்துல நான் தப்பா எழுதிட்டேன். அன்னிக்கு அந்த ரோட்டுல..."

"பனிக்கட்டி இல்ல."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னிக்கு ஏழு மணிக்கு அந்த வளைவுல பஸ் ஓட்டிட்டுப் போனது யாரு? நான்தானே? முப்பத்தோரு புள்ளைங்கள வச்சுக்கிட்டு. பனி இருந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா ஒண்ணும் கேக்கல?"

"கேட்டா உங்க வேலை போயிடுமே. நீங்க எனக்காகத்தான் எழுதினீங்கன்னு புரிஞ்சுது. சரி, மனுஷன் மாட்டிக்கக் கூடாதேன்னு நானும் வாய மூடிக்கிட்டேன்."

மூன்று வருஷம். இவளுக்காக அவர் ஒளிந்தார், அவருக்காக இவள் ஊமையானாள். ஆர்லனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

"ரொம்பச் சந்தோஷப்படாதீங்க" என்றாள் லோர்னா. குரல் உடைந்தது. "பனியில எப்படி ஓட்டணும்னு பத்தொன்பது வருஷம் சொல்லிக் கொடுத்தவன் அவன். அவனுக்கே வழுக்கிடுச்சாம்னு கடையில சிரிக்கிறானுங்க. மனசு ஒடிஞ்சு போனான்னு எழுதியிருந்தா தாங்கியிருப்பேன். ஓட்டத் தெரியாதவன்னு எழுதிட்டீங்களே ஆர்லன்."

இது அவருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. "மன்னிச்சிடும்மா" என்றார்.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு படிவத்தைத் தன் பக்கம் திருப்பினாள். "இத மாத்தினா என்ன ஆகும்?"

"அவன் பேரு கணக்குல ஏறும். ஏறினா, படையில அவன்கூட இருந்த ஒவ்வொருத்தனும் நல்லா இருக்கானான்னு ஆள் நேர்ல போய்ப் பாத்துப் பேசணும். சட்டத்துலயே இருக்கு."

"ரஸ்ஸையுமா? இப்பல்லாம் நான் கூப்பிட்டா ஃபோனே எடுக்கிறதில்ல."

"அவனத்தான் மொதல்ல."

"அப்ப எழுதுங்க."

ஆர்லன் எழுதினார். ரிசர்வ் படையில் இருந்தாரா என்ற புதுக் கட்டத்தில் 'ஆம்' என்று குறியிட்டார்.

"அவன் செத்தது என்ன கிழமைன்னு கேக்கலையா?" என்றாள் லோர்னா.

"இனிமே கேக்க மாட்டாங்கம்மா."

லோர்னா கையெழுத்துப் போட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டாள். "இன்னும் ஒண்ணு. அந்தப் பலகை. தினம் நாலு தடவ அதத் தாண்டிப் போறேன். ஜூலையிலயும் பனிக்கட்டின்னு நிக்குது."

"சாலைத் துறைக்கு எழுதிப் போடறேன்."

"நீங்க எழுதி நட்டதுதானே அது? எழுத்தெல்லாம் போதும். வண்டியில ஸ்பேனர் இருக்கா?"

இருந்தது. அரசுச் சொத்தைக் கழற்றுவது குற்றம் என்று அந்த அதிகாரிக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் வளைவுக்குப் போய் அவர் கம்பத்தைப் பிடித்துக்கொள்ள, அவள் பலகையின் நாலு நட்டுகளையும் கழற்றினாள்.

மூன்றரை மணிக்குப் பேருந்து அந்த வழியே வந்தது. பலகை நின்ற நாளெல்லாம் விதிப்படி வேகத்தைக் குறைத்த லோர்னா, இன்று பிள்ளைகளின் இரைச்சலோடு சீராக வளைவைத் திரும்பிப் போனாள். மாலையில் அவளுடைய வண்டி கடை வாசலில் நின்றது. ஆர்லன் உள்ளே போய்ப் பால் வாங்கினார்.