கூடையில் ஒரே ஒரு குருத்து

என் கை சும்மா இருக்காது. கல்யாணமான முப்பத்தெட்டு வருஷமாக டெரிக் இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த ஜூலை வாரம் மட்டும் யாராவது என்னை வீட்டுக்குள் வைத்துப் பூட்டியிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும்.

அடுத்த வீட்டு கிளெனிஸ் இடுப்பு ஆபரேஷனுக்காகத் திங்கட்கிழமை டெர்பி ஆஸ்பத்திரிக்குப் போனாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் திரும்புவாள். அதுவரை அவள் தோட்டத்துக் குளத்துக்கு நான் பொறுப்பு. நாங்கள் இந்தத் தெருவுக்குக் குடிவந்தது போன அக்டோபரில். இந்த ஊரில் எனக்குக் கிடைத்த ஒரே சிநேகிதி அவள்தான். அவளாக வாய்விட்டு ஓர் உதவி கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

குளம் என்ன பெரிய குளம், ரப்பர் விரிப்புப் போட்ட இரண்டு கட்டில் அகலப் பள்ளம். உள்ளே ஓரமாகத் தண்ணீருக்கடியில் ஒரு படி. அந்தப் படியில் வலைக்கூடைகளில் கரையோரச் செடிகள். அதில் ஒரு கூடைதான் அவளுக்கு உயிர். விதையிலிருந்து தானாக முளைத்த மஞ்சள் ஐரிஸ் அது. கடையில் விற்கிற வரி ஐரிஸில் பச்சை இலையில் மஞ்சள் கோடு ஓடும். இவளுடையதில் இலை தயிர் மாதிரி வெளுப்பு, நடுவில் மட்டும் ஒரு பச்சை நூல். மே மாதம் போட்டோ எடுத்து நர்சரிக்காரர் திர்கெலுக்கு அனுப்பியிருந்தாள். பூ முடிந்ததும் கிழங்கைப் பிரித்து எடுக்க அந்த வாரச் சனிக்கிழமை நேரிலேயே வருகிறேன் என்று அவர் எழுதிவிட்டார். அவர் பெருக்கி விற்பனைக்கு விட்டால், செடிக்கு இவள் பெயர்.

"தண்ணி குறைஞ்சா பீப்பாயில இருக்குற மழைத்தண்ணிய ஊத்து. பாசி வந்தா அள்ளிப் போடு. வேற எதையும் தொட்டுடாத ஏவ்ரில்" என்றாள், காரில் ஏறும்போது.

"எனக்கேவா பாடம்? போன பனிக்காலம் தோட்டச் சங்கத்துல வரி இலையப் பத்திப் பேசினதே நான்தானடி!"

பேசினேன்தான், மணிக்கணக்காக. வரி போட்ட செடியில் முழுப் பச்சைக் குருத்து எட்டிப் பார்த்தால் அது பழைய குணத்துக்குத் திரும்புகிறது என்று அர்த்தம். பச்சைக்கு வலு அதிகம், விட்டால் வரியை அமுக்கிவிடும். கண்டதும் கிழங்கோடு பிடுங்கு, இரக்கம் பார்க்காதே என்று மேஜையைத் தட்டிச் சொன்னேன். பன்னிரண்டு பேர் கை தட்டினார்கள்.

புதன்கிழமை காலை கூடையைப் பார்த்தேன், பகீரென்றது. வெளி வட்டத்தில் இரண்டு குருத்து பச்சை. மதியம் போனேன், மூன்று மாதிரித் தெரிந்தது. சாயங்காலம் மறுபடி போய்க் குத்தவைத்து எண்ணினேன். வீட்டுக்கு வந்தால் உட்கார முடியவில்லை, சமையல்கட்டு ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்தேன்.

"ஏம்மா, தரை தேஞ்சிடப்போகுது" என்றார் டெரிக்.

"அவ செடி கண்ணெதிர்ல கெட்டுப்போகுது, உங்களுக்குக் கிண்டலா?"

"தொடாதன்னு சொல்லிட்டுப் போயிருக்கா இல்ல?"

"ஆஸ்பத்திரியில கிடக்குறவளுக்கு இது தெரியுமா?"

வியாழக்கிழமை ஐந்து குருத்து பச்சை. சனிக்கிழமை வருகிற மனிதர் இதைப் பார்த்தால் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார். கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, பழைய ரொட்டிக் கத்தியோடு குளத்தில் இறங்கினேன். பச்சை எல்லாம் கிழங்கோடு போயிற்று. அரைப் பச்சையாக இருந்த மூன்றையும் விடவில்லை. நடுவில், அந்தப் பச்சை நூலைத் தவிர மற்றதெல்லாம் வெள்ளையாக இருந்த ஒரே ஒரு குருத்தை நிறுத்தினேன். வெட்டியதையெல்லாம் தோட்டக் குப்பைத் தொட்டியில் போட்டுத் தெருவோரம் உருட்டி வைத்தேன். கிளெனிஸைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியில் இரண்டு துண்டு எலுமிச்சை கேக் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை போய்ப் பார்க்கிறேன், அந்த ஒற்றைக் குருத்தின் அடியிலும் பச்சை ஏறியிருந்தது.

என் தோட்டத்திலும் ஒரு சின்னக் குளம் உண்டு, அதில் இருப்பது வரி வசம்பு. பனி விழும்வரை வரி மாறாது. வரி ஐரிஸை நான் வளர்த்ததே இல்லை. ஓடிப்போய் என் தோட்டப் புத்தகத்தைப் புரட்டினேன். தெரிந்த விஷயம்தானே என்று நான் தாண்டிப்போயிருந்த பக்கத்தில் இருந்தது: மஞ்சள் ஐரிஸின் வரி, பூ முடிந்ததும் தானே பச்சையாகிவிடும். அடுத்த வசந்தத்தில் மறுபடி வரியோடு முளைக்கும்.

ஒன்றும் கெட்டுப்போகவில்லை. நான் வெட்டியது அத்தனையும் அவளுடைய நல்ல செடி. வீட்டுச் செருப்போடு தெருவுக்கு ஓடினேன். தொட்டி காலி. லாரி தெருக்கோடியில் திரும்பிக்கொண்டிருந்தது. கத்திக்கொண்டே தபால்பெட்டி வரை துரத்தினேன். ஓட்டுகிறவன் கையை ஆட்டி வணக்கம் சொல்லிவிட்டுப் போனான், பாவி.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லித்தான் ஆக வேண்டும். தோட்டக் கடைக்குப் போய்ச் சாதாரண வரி ஐரிஸ் நாலு தொட்டி வாங்கினேன். ஜூலையில் அதுவும் பச்சை, இதுவும் பச்சை. ஏப்ரல் வரை எவனாலும் வித்தியாசம் சொல்ல முடியாது. நடுக்குருத்தைச் சுற்றி நட்டு, மேலே கூழாங்கல்லைப் பரப்பினேன். கூடை நிறைந்துவிட்டது. இரவெல்லாம் நான் புரண்டதில் டெரிக் தலையணையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

சனிக்கிழமை கிளெனிஸ் குளத்தோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இரண்டு ஊன்றுகோல். உதட்டுச்சாயம் கூடப் பூசியிருந்தாள். திர்கெல் மண்டியிட்டுக் கூடையை மேலே இழுத்தார்.

"கிட்டத்தட்ட எல்லாம் பச்சையாயிடுச்சு" என்றார்.

"ஜூலையில அப்படித்தானே?" என்றாள் கிளெனிஸ்.

"அப்படித்தான். எனக்கு உங்க போட்டோவும் உங்க வார்த்தையும் போதும்."

கிளெனிஸ் சிரித்தாள். "அறுபத்தெட்டு வயசாச்சுங்க. இதுவரைக்கும் என் பேரு போட்டு வந்தது கரண்ட் பில் ஒண்ணுதான். ஒரு செடிக்கு வைக்கப் போறாங்கன்னு நர்ஸுங்க கிட்ட எல்லாம் பீத்திக்கிட்டேன்."

அவர் கத்தியை ஓரத்துக் கிழங்கில் வைத்தார்.

"அத எடுக்காதீங்க! அது இவளோடது இல்ல!"

இரண்டு பேரும் திரும்பினார்கள். நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டினேன். ரொட்டிக் கத்தி, குப்பை லாரி, கடை, கூழாங்கல், ஒன்றையும் மறைக்கவில்லை. கிளெனிஸின் முகம் சுண்டிப்போனது. அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"எத்தனை மிச்சம்?" என்றாள்.

"நடுவுல இருக்குற ஒண்ணு."

திர்கெல் அந்தக் குருத்தை விரலால் விலக்கிப் பார்த்தார். "ஒத்தக் குருத்து. ரெண்டா வெட்டவும் முடியாது. நான் கொண்டுபோனா வேர் பிடிக்காம அழுகலாம். இங்கயே விட்டா குளிர்ல போயிடலாம். என்ன செய்யட்டும், சொல்லுங்கம்மா."

கிளெனிஸ் என்னைப் பார்த்தாள். "அவளக் கேளுங்க. என் குளத்துல எது இருக்கணும், எது போகணும்னு அவதானே முடிவு பண்றா."

என் வாய்க்கு என்றைக்கும் பதில் பஞ்சம் இருந்ததில்லை. அன்றைக்கு வந்தது இது ஒன்றுதான்.

"எனக்குத் தெரியல கிளெனிஸ்."

"இத நீ வியாழக்கிழமையே சொல்லியிருக்கலாம்."

பிறகு அவள் அவரிடம், "நீங்களே எடுத்துட்டுப் போங்க" என்றாள். அவர் குருத்தை ஈரச் செய்தித்தாளில் சுற்றிக் காரில் வைத்தார். அவர் போனதும் கூடையைத் தூக்க நான் குனிந்தேன்.

"விட்டுடு. நானா கூப்பிடுற வரைக்கும் இந்தப் பக்கம் வராத" என்றாள். கோபமாகக் கூடச் சொல்லவில்லை.

இன்று பதினான்காவது நாள். வெயில் கொளுத்துகிறது. அவள் குளத்தில் தண்ணீர் ஒரு சாண் இறங்கியிருக்கும், பாசி மூடியிருக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் ஊன்றுகோல் கல்லில் தட்டுகிற சத்தம் கேட்டது. வாளியை இழுக்கிறாள். இரண்டடி இழுப்பதும் நின்று மூச்சு வாங்குவதுமாக இருந்தாள். நான் எழுந்து வாசல்வரை போய்விட்டேன்.

"கூப்பிட்டாளா?" என்றார் டெரிக்.

"இல்ல."

"அப்ப வந்து உக்காரு."

வந்து உட்கார்ந்தேன். வாளி மறுபடி இழுபட்டது.