ஆரஞ்சு கோட்டு

இடது கை உள்ளே போகவில்லை. அக்காவின் வலது கையைத் தங்கை எப்படியோ நுழைத்துவிட்டாள். இது முழங்கையோடு நின்றுகொண்டு, கோட்டின் உள்துணியை எல்லாம் சுருட்டிக்கொண்டு, வர மாட்டேன் என்றது.

"முதுகைத் தூக்கிப் பிடிம்மா."

"எதுக்குடி அவளை இந்தப் பாடு படுத்தற? சாம்பல் கலர் சட்டை போதும்னு மாமா எடுத்து வெச்சிருக்காருல்ல?"

"மாமாவா அதைப் போட்டுக்கிட்டுப் போகப் போறாரு?"

அம்மா அக்காவின் முதுகுக்கடியில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கினாள். தங்கை பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். கை வந்துவிட்டது. வந்த பிறகுதான், வலிக்குமோ என்று நினைத்தோமே, யாருக்கு வலிக்கும் என்று உறைத்தது.

ஆரஞ்சு என்றால் பதவிசான ஆரஞ்சு இல்லை. ரோட்டில் பள்ளம் தோண்டிய இடத்தில் கூம்பு நிறுத்தி வைப்பார்களே, அந்த ஆரஞ்சு. நேற்றுக் காலை அந்தக் கோட்டு இஸ்திரி போட்டு, கதவுக்குப் பின்னால் ஹேங்கரில் தொங்கியது. அக்கா வேலைக்குக் கிளம்பி, அதை எடுக்க எழுந்தவள், தலை வலிக்கிறது என்று கட்டிலில் உட்கார்ந்தாள். அம்மா தண்ணீர் கொண்டு வருவதற்குள் சரிந்துவிட்டாள். மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர், ஏதோ குழாய் ரிப்பேர்க்காரர் சொல்வது போல.

வேறு ஊரில் வேலையில் இருந்த தங்கை பஸ் பிடித்து வந்து சேர்ந்ததும் அக்காவின் அலமாரியைத் திறந்தாள். சாம்பல், கருப்பு, ஆறிப்போன டீ நிறம். துவைத்துத் துவைத்து எது முன்பு என்ன நிறம் என்றே தெரியாத சட்டைகள். இந்த வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் அக்கா. முதல் இன்டர்வியூவுக்குப் போன அன்று, "கண்ணை உறுத்தாம போ, அப்பத்தான் வேலை குடுப்பான்" என்று மாமா சொன்னார். வேலை கிடைத்தது. அதன் பிறகு அவள் யார் கண்ணையும் உறுத்தவில்லை. அந்தச் சம்பளத்தில்தான் தங்கையும் படித்தாள்.

அதனால்தான் கதவுக்குப் பின்னால் அந்தக் கோட்டைப் பார்த்ததும் அவளுக்கு ஒரு வெறி வந்துவிட்டது. இதுதான் அக்கா. இதோடுதான் அனுப்புவேன்.

மாமா உள்ளே வந்து பார்த்துவிட்டு நின்றார்.

"என்ன இது, ரோடு போடப் போறவ மாதிரி?"

"அவளே ஆசைப்பட்டு வாங்கின ஒரே துணி மாமா."

"வாங்கினதை நீ பாத்தியா?"

"அவ ரூம்ல தொங்குச்சு. பின்ன யாரோடது, உங்களோடதா?"

"உனக்குப் படிப்பு குடுத்ததுக்கு வாயைக் குடுக்காம இருந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, சாம்பல் சட்டையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் வெளியே போனார். ஜெயித்துவிட்டதாகத் தங்கை நினைத்தாள்.

பத்து மணிக்கு மேல் அக்காவின் ஆபீசிலிருந்து மூன்று பெண்கள் வந்தார்கள். மதியம் வரைதான் பர்மிஷன் என்று வாசலிலேயே சொன்னார்கள். நெட்டையாக இருந்தவள் பச்சைக் கோட்டு போட்டிருந்தாள். கண்ணாடிக்காரியுடையது கத்தரிப்பூ நிறம். மூன்றாவதாக வந்த சின்னப் பெண் மட்டும் கோட்டு இல்லாமல், வெறும் வெள்ளைச் சட்டையில்.

அக்காவைக் கிடத்தியிருந்த பெட்டிக்கருகில் வந்ததும் மூன்று பேருமே ஒன்றாக நின்றுவிட்டார்கள். சின்னவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மற்ற இருவரும் அக்காவைப் பார்க்கவில்லை, சின்னவளைப் பார்த்தார்கள்.

"இப்ப எதுவும் கேக்காத" என்றாள் நெட்டை அவளிடம், அடிக்குரலில்.

"நான் எதுவும் கேக்கலையே."

"மூஞ்சி கேக்குது."

தங்கைக்கு அது காதில் விழுந்தது. சின்னவளைத் தண்ணீர் தருகிறேன் என்று சமையலறைக்குக் கூட்டிப்போய்க் கதவை ஒருக்களித்தாள்.

"என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்லக்கா."

"எங்க அக்கா செத்துக் கிடக்கறா. நீங்க கோட்டையே பாக்கறீங்க. சொல்லு."

சின்னவள் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அது என்னோடதுக்கா."

தங்கைக்குப் புரியவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னாள்.

"ஆபீஸ்ல எல்லாருக்கும் கோட்டு கட்டாயம். ஆம்பளைங்களுக்குக் கருப்புன்னு எழுதிட்டாங்க, பொம்பளைங்களுக்குக் கலர் எழுத மறந்துட்டாங்க. உங்க அக்காதான் கவனிச்சாங்க. எழுதலைன்னா நம்ம இஷ்டம்தானேன்னாங்க. மேனேஜர் முழிச்சாரு பாருங்க! ஆளுக்கொரு கலர்ல, எல்லாருக்கும் சேர்ற மாதிரி லூசா வாங்கிட்டு, வாரத்துக்கொருத்தர்னு மாத்தி மாத்திப் போட்டுப்போம். ஒரு கோட்டு காசுல நாலு கோட்டு. நாலாவது நீலம், சலவைக்குப் போட்டிருக்கு."

"நேத்து...?"

"நேத்து எனக்குக் கொண்டுவர்றேன்னு சொல்லியிருந்தாங்க. நாளைக்கு எனக்கு மேல் மாடியில இன்டர்வியூ, பெரிய வேலைக்கு. ஆரஞ்சைப் போட்டுக்கிட்டுப் போ, நீ உள்ள வர்றது அவங்களுக்குத் தெரியணும்னு..." அவள் டம்ளரை மேடையில் வைத்துவிட்டாள்.

"கழட்டிடறேன்."

"ஐயோ வேணாம்!"

"உன்னோடதுன்னா உன்னோடதுதான்." தங்கையின் குரல் உயர்ந்தது. "எங்க அக்காவோடது எது? அதைச் சொல்லு. அதைப் போட்டு விடறேன்."

சின்னவள் முழித்தாள். "பச்சைன்னு நினைக்கறேன்."

நெட்டையும் கண்ணாடிக்காரியும் சத்தம் கேட்டு வந்துவிட்டார்கள்.

"பச்சை நான் வாங்கினது" என்றாள் நெட்டை. "இல்ல, இரு. அவதான் எடுத்தா, நான் பில்லு கட்டினேன்."

"கத்தரிப்பூதான் அவ வாங்கினது. ரெண்டு வாரம் விடாம போட்டாளே."

"நீ லீவுல இருந்த, அதான் போட்டா. அவளுக்குக் கத்தரிப்பூவே பிடிக்காதுடி."

"உனக்குத்தான் பிடிக்காது."

"ஆரஞ்சு?" என்று கேட்டாள் தங்கை. "அது ஒண்ணாவது பிடிக்குமா?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கண்ணு கூசுதுன்னு சொல்லுவாங்க" என்றாள் சின்னவள். "ஆனா சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவாங்க."

அம்மா அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. "வாராவாரம் ஒரு கலர் தொங்கும்" என்றாள், யாருக்கோ சொல்வது போல.

"ஏம்மா இதை முதல்லயே சொல்லல?"

"நீ எங்க கேட்ட? வந்ததும் சண்டைதானே போட்ட."

தங்கை முன்னறைக்குப் போனாள். கோட்டின் காலரில் கை வைத்தாள். கோபமாக வந்தது; யார் மேல் என்றுதான் பிடிபடவில்லை. அக்காவின் முகத்துக்கு ஆரஞ்சு பொருந்தியதா இல்லையா என்று பார்த்தாள். பொருந்தியது. அடுத்த நிமிடம் பார்த்தால், துளியும் பொருந்தவில்லை.

வெளியே வண்டி வந்து நின்றது. மாமா எட்டிப் பார்த்தார். கக்கத்தில் சாம்பல் சட்டை அப்படியே இருந்தது.

"இதோடவா, மாத்தறியா? சட்டுனு சொல்லு. டிரைவர் நிக்கறான்."

அதட்டுவதற்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவளைக் கேட்டார். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவள் திரும்பிச் சின்னவளைப் பார்த்தாள்.

"இருக்கட்டும்க்கா" என்றாள் சின்னவள். "போட்டாச்சு."

தங்கை காலரிலிருந்து கையை எடுத்தாள். "இதோட" என்றாள். மாமா தலையாட்டினார்.

வண்டி கிளம்பியது. பெட்டிக்குப் பக்கத்து சீட்டில் அம்மாவும் அவளும். தெருமுனையில் லாரி ஒன்று குறுக்கே நிற்க, வண்டி ஊர்ந்தது. எதிர்ப்புறம் பஸ் நிறுத்தத்தில் ஆபீசுக்குத் திரும்பும் அந்த மூன்று பேரும் நின்றிருந்தார்கள். நெட்டை தன் பச்சைக் கோட்டைக் கழற்றி, நாளைய இன்டர்வியூவுக்கு என்பது போலச் சின்னவளிடம் நீட்டினாள். அவள் போட்டுக்கொண்டாள். தோள் இறங்கி, விரல் நுனிகூடத் தெரியவில்லை. குனிந்து தன்னையே பார்த்து ஏதோ சொன்னாள். மூன்று பேரும் சிரித்த மாதிரி இருந்தது. அழுத மாதிரியும் இருந்தது. கண்ணாடிக்காரி வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுத் தன் கத்தரிப்பூ கோட்டின் பட்டன்களை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

"என்னடி பாக்கற?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்ல."

லாரி நகர்ந்தது. வண்டி திரும்பும்போது சின்னவள் பச்சையைக் கழற்றிவிட்டிருந்தாள். ஒரு கையில் பச்சை, இன்னொரு கையில் கத்தரிப்பூ. இரண்டையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெறும் வெள்ளைச் சட்டையில் ரோட்டோரமாக நின்றுகொண்டிருந்தாள்.