ஹெதருக்கு வைத்த பீங்கான்

...இனிப்பு முதலில், சோறு கடைசியில், எல்லாம் தலைகீழாக, ஏனென்றால் அந்தப் பக்கத்துக்குப் போனவர்களுக்கு நம்முடைய கடைசிதான் முதல் என்று ஹெதர் சொன்னாள், உட்கார்ந்ததிலிருந்து எழும்பும் வரை ஒரு சொல் வாயால் வரக்கூடாது, எதிரே ஒரு காலிக் கதிரை, அதற்கு முன்னால் நிறைந்த ஒரு சோற்றுப் பீங்கான், ஒரு விளக்கு, அவ்வளவுதான், இதிலே என்ன மலையைப் புரட்டுகிற வேலை இருக்கிறது என்று பஸீஹா தேங்காய்ப்பால் பிழிந்தபடி தன்னையே கேட்டுக்கொண்டாள். பின்னேர அஸர் தொழுதாயிற்று, இனிப்புக்கு வட்டலப்பம் அவிந்து ஆறிவிட்டது, பூசணிக்காய் ஒரு அடுப்பிலும் பாரை மீன் மற்ற அடுப்பிலும் கொதிக்கின்றன, மீன் மகளுக்காக, பூசணிக்காய் ஹெதருக்காக, கண் உள்ள எதையும் தின்ன மாட்டேன் என்று சத்தியம் பண்ணின பெண்ணுக்கு வேறு எதைத்தான் ஆக்கி வைப்பது... இன்றைக்கு ஒக்டோபர் மாதத்தின் கடைசி நாள். இன்று பொழுது பட்டதும் இருப்பவர்களுக்கும் இறந்தவர்களுக்கும் நடுவில் உள்ள திரை மெலிந்து போகுமாம். மெலியட்டும், மெலியாமல் போகட்டும், பஸீஹா அதைப் பார்க்கவா உட்காரப் போகிறாள்? சொல் கொடுத்தாள், செய்யப் போகிறாள், முடிந்தது கதை.

கொரோனா வந்து பிளேன்கள் எல்லாம் நின்றுபோன வருஷத்தில் கற்பிட்டியில் அகப்பட்டுக்கொண்ட வெள்ளைக்காரி ஹெதர், வேல்ஸ் என்கிற மழை நாட்டிலிருந்து டொல்பின் பார்க்க வந்தவள், நாலு நாளைக்கென்று பஸீஹாவின் பின்னறையை வாடகைக்கு எடுத்தவள் ஒரு வருஷத்துக்கும் மேல் அங்கேயே குடியிருந்தாள், பிளேன் ஓடத் தொடங்கின பிறகும் போகவில்லை. நரைத்த முடியைப் பின்னிப் போட்டுக்கொண்டு, முற்றத்தில் நின்று நிலாவைப் பார்த்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டு... உன்னுடைய மார்க்கம் என்ன என்று கேட்டதற்கு விக்கா என்றாள், சூனியக்காரி என்று உங்கள் ஊரில் சொல்வார்களே அதுதான் என்று சொல்லிவிட்டுக் கெக்கெக்கென்று சிரித்தாள், பஸீஹா அன்று காவல் தேடுகிற இரண்டு குல் சூராவையும் ஓதிக் கைகளில் ஊதி உடம்பெல்லாம் தடவிக்கொண்டுதான் படுத்தாள். பிறகு பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை, பூனைக்குச் சோறு வைக்கிறாள், செடியோடு கதைக்கிறாள், குசினியில் வந்து குந்தி வெங்காயம் உரிக்கிறாள், கற்பிட்டி வெங்காயம் உரித்து அழாத ஆள் அவள் ஒருத்திதான். பிறகு ஒருவழியாகத் தன் ஊருக்குத் திரும்பினவள், போன மாதம் அங்கே கண்ணை மூடிவிட்டாள். அவளுடைய தங்கச்சி மகள் போனில் எடுத்துச் சொன்னாள், கடைசிக் கிழமையில் உங்கள் பெயரைத்தான் சொன்னார் என்று. அந்த ஒரு சொல் போதாதா?

"போதாது உம்மா," என்றாள் அக்கீலா, குசினி வாசலில் நின்று, கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே. முந்தல் ஊரில் கட்டிக்கொடுத்த ஒரே மகள், மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிறவள், செய்தி எப்படியோ காதில் விழுந்து மத்தியானமே பஸ் ஏறி வந்துவிட்டாள். "மௌத்தானவங்க வந்து திங்குவாங்களா? இது ஷிர்க், இணை வைக்கிறது, இல்லாம வேற என்ன? அல்லாஹ்வுக்கு என்ன பதில் சொல்லப் போறீங்க?" கேட்கிறாள், கோபத்தில் இல்லை, பயத்தில், உம்மா நரகத்துக்குப் போய்விடுவாளே என்ற பயம், அது தெரிகிறது, அதனால்தான் பஸீஹாவுக்கு ஏச வாய் வரவில்லை. "நான் நம்பிச் செய்யலியே மகள். வாக்குக் குடுத்தன். வாக்கை முறிக்கிறது முனாபிக்குட, நயவஞ்சகன்ட அடையாளம் எண்டு நீதானே பிள்ளைகளுக்குப் படிச்சுக் குடுக்கிறாய்?" அக்கீலா அசையவில்லை, மஃரிப் தொழுதுவிட்டு நான் போயிடுவன், அந்த மேசையில் நீங்கள் இருக்கிறதை என் கண்ணால் பார்க்க மாட்டேன் என்றாள். போனால் எப்போது வருவாள்? இனி வருவாளா? பிடிவாதத்தில் அவள் வாப்பாவை உரித்து வைத்தவள். பஸீஹா பூசணிக்காய்க்கு உப்புப் பார்த்தாள், கொஞ்சம் குறைவு, போட்டாள்.

வாப்பா... சரீபுக்கு மூச்சு முட்டினபோது அவர் கருவாட்டு மூட்டையைத் தைத்துக்கொண்டிருந்தார், ஒன்றுமில்லை தூசு என்றார், அடுத்த நாள் ஆம்புலன்ஸ், வெள்ளை உடுப்புக்காரர், கேற்றடியில் நின்று கை காட்டினார், தொப்பியை எடுத்தீங்களா என்று பஸீஹா கத்தினாள், கடைசியாகக் கேட்டது அதைத்தான், தொப்பியை! பிறகு வீட்டில் இருந்த எல்லாரையும் வெளியே போகாமல் அடைத்துவிட்டார்கள், போன் வந்தது, மௌத்து என்றார்கள், அதற்குப் பிறகு இன்னொரு போன், எரித்தாயிற்று என்றார்கள். எந்த மார்க்கமானாலும் கொரோனாவில் இறந்தால் எரிப்பதுதான் அன்றைக்குச் சட்டம். குளிப்பாட்டவில்லை, கபன் துணி சுற்றவில்லை, ஒரு பிடி மண் போடவில்லை. அல்லாஹ் சாம்பலிலிருந்தும் எழுப்புவான், அவனுக்கு அது கஷ்டமா என்று மௌலவி போனில் சொன்னார், ஓம், கஷ்டமில்லை, தெரியும், ஆனால் அடக்கின குழியில், கபுறில் வந்து கேள்வி கேட்கிற மலக்குகள், அந்த வானவர்கள், கபுறே இல்லாத மனுஷனை எங்கே போய்த் தேடுவார்கள், அவரும் எங்கே நின்று பதில் சொல்வார், தொப்பியும் இல்லாமல்... இதை யாரிடம் கேட்பது? கேட்டால் ஈமான் போய்விட்டதென்பார்கள். ஹெதரிடம் கேட்டாள். அரைத் தமிழ், கால் இங்கிலீஷ், மிச்சம் கண்ணீர். அவள் பஸீஹாவின் காலை மடியில் தூக்கி வைத்துத் தடவிக்கொண்டேயிருந்தாள், பிறகுதான் சொன்னாள், நெருப்பு உடுப்பைத்தான் எரிக்கும், ஆளை எரிக்காது, என்னையும் எரிக்கத்தான் சொல்லி வைத்திருக்கிறேன், பயமில்லை என்று. தன் சாவைத் தானே தூக்கிக் காட்டி ஆறுதல் சொன்ன மனுஷி வேறு யார் இருந்தாள், சொந்தத்தில் ஒருத்தர் சொல்லுங்கள் பார்ப்போம்! அன்றிரவுதான் பஸீஹா நித்திரை கொண்டாள்.

மீன் கொதித்துவிட்டது, அடுப்பை அணைத்தாள். ஹெதருடைய ஆட்களுக்கு நரகம் கிடையாது, கேள்வி கணக்கு கேட்கிற மலக்கும் கிடையாது, எல்லாரும் இப்படி நம்புவதில்லை, நான் இப்படி நம்புகிறேன் என்பாள், செத்தவர்கள் ஒரு கோடை நாட்டுக்குப் போய் இளைப்பாறுகிறார்களாம், வாழ்ந்ததை நினைத்துப் பார்த்துத் தங்கள் கணக்கைத் தாங்களே தீர்க்கிறார்களாம்... கோடை நாடு! பஸீஹாவுக்கு அன்றும் சிரிப்பு வந்தது, இன்றும் வருகிறது. கற்பிட்டியில் கோடை என்றால் கிணறு உப்புக் கரிக்கும், மணல் காலைச் சுடும், அதைப் போய் யாராவது சுவர்க்கம் என்பார்களா, பத்து மாதம் மழையில் நனைகிறவள்தான் அப்படிக் கேட்பாள், எனக்கென்றால் மழை நாடு வேண்டும் என்று சொன்னதற்கு, சரி, வாசலில் இறங்கி நீ அந்தப் பக்கம் போ நான் இந்தப் பக்கம் போகிறேன் என்றாள். அதோடு விட்டாளா? இளைப்பாறின பிறகு திரும்பவும் பிறப்பார்கள் என்றாள், நேசித்தவர்களுக்குக் கிட்டத்தான் பிறப்பார்கள், ஞாபகம் இருக்காது, ஆனால் கண்டால் தெரியும் என்றாள். அஸ்தக்ஃபிருல்லாஹ், அல்லாஹ் மன்னிக்கட்டும் என்று அந்த இடத்திலேயே பேச்சை முறித்தாள் பஸீஹா. முறித்தாள்தான். ஆனால் பக்கத்து வீட்டு ஃபாஹிமாவுக்குப் பிள்ளை பிறந்து பார்க்கப் போனபோது, வலது காது கொஞ்சம் மடிந்திருந்ததே, சரீபுடைய காது மாதிரி, அந்தக் குழந்தையைத் தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாளா இல்லையா? எத்தனையோ பிள்ளைகளுக்குக் காது மடிந்திருக்கும். கருவில் படுத்த விதம் அது.

பொழுது பட்டு மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள். தொழுதாள், ஸுஜூதில் நெற்றியை வைத்துக்கொண்டு, யா அல்லாஹ் நீ என் மனதை அறிவாய், இது வாக்கு, வணக்கம் இல்லை, என்று தெளிவாகச் சொன்னாள், அவனுக்குத் தெளிவாகச் சொல்லத் தேவையில்லை, தனக்குச் சொன்னாள். உள்ளறையில் அக்கீலா இன்னும் தொழுகிறாள், உபரியான சுன்னத்துத் தொழுகையை நீட்டுகிறாள், போகிறதைத் தள்ளிப்போடுகிறாளோ... மேசைக்கு ஒரு நல்ல துணி வேண்டும், அலுமாரியைத் திறந்தாள், அடித்தட்டில் சரீப் மக்காவுக்கு உம்ரா போனபோது ஸம்ஸம் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துக் கொண்டு வந்த கபன் துணி, தனக்கென்று கொண்டு வந்தது, யாருக்கும் உதவாமல் மடித்தபடி கிடக்கிறது, கை அதில் பட்டது, பட்டுத் தாண்டி மேலே இருந்த பூப்போட்ட துணியை எடுத்தது. எடுத்து விரித்தாள். இதே மேசையில்தான் அன்று, சரீப் போய் முதல் ஒக்டோபர், ஹெதர் தன் உம்மாவுக்கு ஒரு பீங்கான் வைத்துவிட்டு, சரீபுக்கும் ஒன்று வைக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றாள் பஸீஹா. வெட்டொன்று துண்டிரண்டாக, வேண்டாம், அவர் முஸ்லிம், அவருக்குத் துஆ மட்டும் போதும். ஹெதர் தலையாட்டினாள், வற்புறுத்தவில்லை, எனக்கு என்றால் வைப்பாயா என்று மட்டும் கேட்டாள், ஓம் உனக்கு வைப்பேன், அதற்கென்ன என்று சொன்னதுதான் இன்று கழுத்தில் மாட்டியிருக்கிற சொல். சரி. கதிரையை இழுத்துப் போட்டாள், விளக்கேற்றினாள், குசினிக்குப் போய்ப் பீங்கானில் சோறு போட்டுக் கறி போட்டு நிறைத்துக் கொண்டு வந்தாள், பிந்திப் போன வேலைக்காரியைப் போல அவசரமாக, மகள் தொழுகை முடித்துச் சலாம் கொடுத்து எழும்புவதற்குள் ஆரம்பித்துவிட வேண்டும் என்று.

உட்கார்ந்தாள். வட்டலப்பத்தில் ஒரு கரண்டி, வாய்க்குக் கொண்டு போனாள், "பிஸ்மில்லாஹ்!" கெட்டது குடி, சத்தமாகவே வந்துவிட்டது, சொல் தெரிந்த வயதிலிருந்து அதில்லாமல் ஒரு வாய் இறங்காத தொண்டை, பேசாதே என்றால் கேட்குமா? திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டுமா, முறை முறிந்ததா... பிஸ்மில்லாஹ் சொல்லாத சாப்பாட்டில் ஷைத்தான் பங்குக்கு வருவான், சொன்னால் ஓடுவான், அப்போ சொன்னது நல்லதுதானே, அதைக் கேட்டு ஓடினால் வந்தது ஹெதர் இல்லை, ஹெதர் என்றால் ஓட மாட்டாள், இந்த வீட்டில் ஒவ்வொரு வேளையும் அதைக் கேட்டுக் கேட்டு வெங்காயம் உரித்துக்கொண்டே அவளும் சொல்லப் பழகினவள். இருக்கட்டும். பஸீஹா சாப்பிட்டாள். ஒழுங்காக, நிமிர்ந்து, எதிர்க் கதிரையைப் பார்த்து, வட்டலப்பம் முடிந்தது, தன் சோற்றைப் பிசைந்தாள், திரையும் மெலியவில்லை விளக்கும் ஆடவில்லை, ஒரு கடமை, அவ்வளவுதான், நாளைக்கு மகள் கோபம் ஆறட்டும் விளக்கிச் சொல்லலாம், நம்பிக்கை வேறு வாக்கு வேறு என்று... காலடிச் சத்தம். அக்கீலா கைப்பையோடு வந்து வாசலில் நின்றுவிட்டாள். பார்க்க மாட்டேன் என்றவள் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், மேசையை, விளக்கை, எதிரே இருந்த பீங்கானை, அதிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"உம்மா," என்றாள், சத்தம் வெளியே வராமல். "ஹெதர் அன்ரி மீன் திங்க மாட்டாவே."

பஸீஹா பார்த்தாள். சோற்றின் வலது ஓரத்தில் பாரைத் தலை, கண் மேலே பார்க்க, ஆணக் குழம்பு சோற்றில் படாமல் ஒதுக்கி, பக்கத்தில் பிழிய ஒரு துண்டு தேசிக்காய், சரீப் கேட்கிற மாதிரியே, கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவருக்குத்தான் தலை, வேறு யாருக்கும் அதை வைத்ததில்லை. பூசணிக்கறி எங்கே? அடுப்பில், மூடியோடு. ஒரு கரண்டியும் எடுக்கவில்லை. யார் இதை வைத்தது, எப்போது, நான்தானே, வேண்டாம் என்று சொன்ன வாய் என்னுடையது, இந்தக் கையும் என்னுடையது, வாய்க்குத் தெரியாமல் கை எத்தனை வருஷமாய்... அன்று வேண்டாம் என்றபோது அவர் கேட்டுக்கொண்டு நின்றிருந்தால்? மகள் பதிலுக்கு நிற்கிறாள். பேசக் கூடாது, நல்ல வேளை, பேசக் கூடாது. பஸீஹா எழும்பினாள், வாயைத் திறக்காமல், குசினிக்குப் போய் இன்னொரு பீங்கானை எடுத்தாள், ஹெதருக்குக் கொடுத்த வாக்கு வாக்குதான், பூசணிக்கறியை நிறைய அள்ளிப் போட்டாள், திரும்பி வந்தாள். அக்கீலா இன்னும் அங்கேதான், வழியை மறிக்கவும் இல்லை, போகவும் இல்லை, வாப்பாவின் தலைக்கறியையே பார்த்தபடி. பீங்கானை மேசையில் வைத்துவிட்டு இரண்டாவது கதிரையை இழுக்கும்போதுதான் பஸீஹாவுக்கு உறைத்தது, இந்தப் பீங்கானுக்குக் காரணமாகச் சொல்ல ஒரு வாக்கு இருக்கிறது, முதல் பீங்கானுக்கு என்ன சொல்வது, மகளுக்கு இல்லை, அல்லாஹ்வுக்கும் இல்லை, தனக்கு?