பீரோவின் இரைச்சல்

ஷெட்டுக்குள் காலை வைத்ததும் அவள் நின்றுவிட்டாள். ஏதோ குறைந்தது.

"என்ன பலகை, அப்படியே நின்னுட்டே?" என்றான் அண்ணன்.

"சத்தமே இல்ல."

"கேளு. நல்லாக் கேளு."

கேட்டாள். கம்ப்யூட்டரின் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கர்கள் இரண்டிலும் பச்சை விளக்கு எரிந்தது. மூன்று வருடமாக அவற்றின் அடியில் கிடந்த இரைச்சல் மட்டும் இல்லை. வாயை மூடிக்கொண்டு யாரோ ஒரே சுருதியில் முனகுவது போல இருக்கும் அது. அண்ணன் பதிவு செய்த எல்லாப் பாட்டிலும் அது இருந்தது.

வீட்டை ஒட்டிய கார் ஷெட்டில்தான் அவன் இசை செய்தான். காரை விற்று வருடங்கள் ஆகிவிட்டன. கம்ப்யூட்டர், சவுண்ட் மிக்சர், தரையெல்லாம் வயர், சுவரோரம் பீரோ. பீரோ என்பது அண்ணனைவிட நான்கு வயது மூத்த ஒரு சிந்தசைசர், மின்சாரக் கீபோர்டு. உடம்பு முழுக்க இரும்பு. பெயர் வைத்தது அண்ணி. "இன்னொரு பீரோவும் இருக்கு வீட்டுல. அதுல துணியாவது வைக்கலாம்" என்பாள். வாசித்ததைத் திரும்பக் கேட்கும்போது அண்ணன் வலது உள்ளங்கையை பீரோவின் மேல் வைத்துக்கொள்வான். நண்பனின் தோளில் கை போடுவது போல.

அவளிடம் இருந்தது அலுமினிய முதுகு வைத்த ஒரு டேப்லட். பஸ்ஸிலும் பல் டாக்டர் வாசலிலும் அடுப்படி மேடையிலும் வைத்து அவள் பாட்டு செய்வாள். அண்ணன் அதைப் பலகை என்றான். பிறகு அவளையே பலகை என்றான்.

திங்கட்கிழமை இருவரும் நாடகக்காரரைப் பார்க்கப் போயிருந்தார்கள். அவருடைய புது நாடகத்துக்கு ஒரு பாட்டு வேண்டும். ஆளுக்கு ஒன்று செய்து எடுத்துப் போனார்கள். அவர் ஹெட்போனில் இரண்டையும் கேட்டார்.

"மெட்டு அண்ணனோடதுதான் நல்லா இருக்கு" என்றார். "ஆனா அடியில ஏதோ மோட்டார் ஓடுதே. தங்கச்சியோடது சுத்தமா இருக்கு. இந்த மெட்டு அந்தச் சுத்தத்தோட வேணும். ஞாயிறு சாயங்காலத்துக்குள்ள தர முடியுமா? இல்லன்னா தங்கச்சியோடதே போதும்."

அவள் அப்போது சிரித்திருக்க வேண்டாம். திரும்பி வரும் வழியில், "என் பலகைக்கு இரைச்சல்னா என்னன்னே தெரியாது" என்று சொல்லியிருக்கவும் வேண்டாம்.

இன்று புதன்.

"எப்படிண்ணா போக்கினே?"

"மந்திரம் போட்டேன். உன் தாளத்தைக் குடு முதல்ல."

டேப்லட்டின் கேபிளைக் கம்ப்யூட்டரில் செருகினாள். டேப்லட்டை ஒரு கையில் பிடித்தபடி ஸ்டூலை இழுத்தாள். முழங்கை பீரோவின் விளிம்பில் பட்டது. சுரீர் என்றது. கையை உதறினாள்.

"என்ன?"

"கடிச்சுது."

"உன்னைப் பிடிக்கல அதுக்கு. எவ்வளவு பேசினே நீ."

"விளையாடாதண்ணா. ஷாக் அடிச்சுது."

அண்ணன் வந்து உள்ளங்கையை பீரோவின் மேல் வைத்தான். அவன் காலில் ரப்பர் செருப்பு. ஒன்றும் ஆகவில்லை. கையை எடுத்துத் திருப்பிக் காட்டினான்.

அவள் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள். பீரோவின் பிளக் சுவர் சாக்கெட்டில் சாய்ந்து நின்றது. மெல்ல உருவினாள். மூன்று பின் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தன. மேலே இருக்கும் தடித்த பின்னை யாரோ குறடால் முறித்திருந்தார்கள். முறிந்த இடம் புதுப் பித்தளையாக மின்னியது.

"எர்த் பின் எங்கே?"

"உடைச்சுட்டேன். இரைச்சல் அந்த வழியாத்தான் வந்துது. எத்தனையோ பேர் செய்யறதுதான். உடைச்சதும் கப்சிப்."

பிளக்கை அவள் கையிலிருந்து வாங்கி மறுபடி சுவரில் செருகினான்.

அடுத்த நாள் காலையில் அவள் எலக்ட்ரிக் கடைக்குப் போனாள். கடைக்காரம்மா டேபிள் ஃபேன் ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் சொன்னதை நிமிராமல் கேட்டாள். பின்னை உடைத்ததைச் சொன்னதும் திருப்புளியைக் கீழே வைத்தாள்.

"கை வச்சா கடிக்குதா?"

"ஒரு தடவை. லேசா. என் கையில டேப்லட் இருந்துது, அது கம்ப்யூட்டர்ல மாட்டியிருந்துது."

"கம்ப்யூட்டர் பிளக்குல மூணு பின்னும் இருக்கா?"

"இருக்கு."

"அப்போ உங்க டேப்லட்தான் எர்த். ஒரு கை அதுல, ஒரு கை இரும்புல. நடுவுல நீங்க." கடைக்காரம்மா ஃபேனைத் தள்ளி வைத்தாள். "அந்தச் சத்தம் சும்மா வரலைம்மா. பெட்டிக்குள்ள எங்கேயோ கரண்ட் கசியுது. பின் இருந்தவரைக்கும் கசிஞ்சது மண்ணுக்குப் போச்சு. இப்போ போக வழி இல்ல. யாராவது வழி குடுக்கற வரைக்கும் அங்கேயே நிக்கும்."

"லேசாத்தான் இருந்துது."

"உள்ள இன்னும் கொஞ்சம் தேஞ்சா லேசா இருக்காது. கரண்ட் கசிஞ்சா தானா அணையற டிரிப்பர் ஷெட்டுல இருக்கா?"

"பழைய ஃபியூஸ்தான்."

கடைக்காரம்மா ஒரு புதுப் பிளக்கை எடுத்துக் கொடுத்தாள். மூன்று பின். "யாரையாவது பிடிச்சுட்டா ஆளைத் தொடாதீங்க. ஓடிப்போய் மெயினை இறக்குங்க. ஓடணும், புரியுதா? யோசிக்கக் கூடாது."

மத்தியானம் அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அதைச் சொன்னாள். புதுப் பிளக்கை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அண்ணன் அதைப் பார்த்தான். சிரிக்கவில்லை.

"மூணு வருஷமா இரைச்சல் இரைச்சல்னு என் உசிரை வாங்கினே. இப்போ இரைச்சல் போச்சு. போனா உசிரு போயிடும்ங்கறே. உனக்கு என்னதான் வேணும்?"

"பிளக்கை மாத்தணும்."

"மாத்தினா இரைச்சல் வரும். வந்தா நாடகக்காரர் உன் பாட்டை எடுத்துப்பார்."

"அண்ணா, நான் அதுக்காகவா சொல்றேன்?"

"எதுக்காகவோ. ஒவ்வொரு தடவையும் கடைசியில பலகைதானே ஜெயிக்குது."

அப்படி இல்லை என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். திங்கட்கிழமை சிரித்தது நினைவுக்கு வந்தது.

"ரெண்டு பேரும் சின்ன வயசுல எப்படி ஒண்ணா வளர்ந்தீங்கன்னு எனக்கு இன்னும் புரியல" என்றாள் அண்ணி. பிறகு கணவனிடம், "அவ சொல்றதைத்தான் கொஞ்சம் கேளேன். பாடப் போறது நான்" என்றாள்.

அண்ணன் தண்ணீரைக் குடித்து முடித்தான்.

"சரி. ஞாயித்துக்கிழமை காலையில பதிவு. முடிஞ்சதும் நீயே வந்து மாட்டு. பத்து பின் இருக்கற பிளக்கா இருந்தாலும் மாட்டிக்கோ. அதுவரைக்கும் ஷெட்டுப் பக்கம் வராதே."

அவள் பிளக்கைத் திரும்ப எடுத்துக் கைப்பையில் போட்டாள். ஒரு திருப்புளியும் போட்டாள். வெள்ளிக்கிழமை ஒரு தடவையும் சனிக்கிழமை ஒரு தடவையும் வந்து பார்த்தாள். ஷெட்டில் பூட்டுத் தொங்கியது. உள்ளே பீரோ வாசித்துக்கொண்டிருந்தது. அவன் உள்பக்க வாசல் வழியாகப் போய் வந்துகொண்டிருந்தான். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஒரு சத்தமும் இல்லை. அந்த இடைவெளி வரும்போதெல்லாம் அவள் கதவைத் தட்டினாள். பீரோ மறுபடி வாசிக்கத் தொடங்கியதும் திரும்பிப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கே வந்துவிட்டாள். முதலில் மெயின் எங்கே என்று பார்த்தாள். ஷெட்டின் வெளிச்சுவரில், முன்கதவிலிருந்து ஆறு காலடி தூரத்தில். கைப்பிடியை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். பிறகு ஒரு ரப்பர் மிதியடியைக் கொண்டுவந்து ஷெட்டின் நடுவில் போட்டாள்.

"அண்ணி, இது மேல நின்னு பாடுங்க. செருப்பைக் கழட்டாதீங்க. பீரோ பக்கம் கையை நீட்டாதீங்க."

"செருப்போடவா பாடறது?"

"கழட்டக் கூடாது."

"விட்டா என்னைப் பிளாஸ்டிக் கவர்ல போட்டு ஒட்டிடுவா போலிருக்கே" என்றாள் அண்ணி. ஆனால் மிதியடி மேல் ஏறி நின்றாள்.

அவள் டேப்லட்டை அண்ணிக்கு எதிரே ஒரு ஸ்டூலில் வைத்தாள். எதிலும் மாட்டவில்லை. பதிவைத் தட்டிவிட்டாள்.

"அது எதுக்கு?" என்றான் அண்ணன்.

"எனக்கு. சும்மா."

"பேட்டரியில ஓடட்டும் பாவம்."

பதினொன்றரை வரை அண்ணி பாடினாள். அவளோ பாட்டைக் கேட்கவே இல்லை. அண்ணியின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை வரிகள் எழுதிய தாள் நழுவி பீரோவின் பக்கம் விழுந்தது. அண்ணி குனிவதற்குள் அவள் பாய்ந்து எடுத்தாள். அண்ணன் கண்ணாலேயே திட்டினான்.

ஏழாவது தடவை பாடியபோது எல்லாம் கூடி வந்தது. கடைசி வரியில் அண்ணியின் குரல் லேசாக உடைந்தது. உடைந்தது நன்றாக இருந்தது. அண்ணன் இரண்டு கைகளையும் மேலே தூக்கினான்.

பிறகு திரையைப் பார்த்தான். கம்ப்யூட்டர் நின்றுபோயிருந்தது. வட்டம் சுற்றியது. சுட்டி நகரவில்லை. எதையெதையோ தட்டினான். திரை கறுத்து, முதலிலிருந்து ஆரம்பித்தது. முதல் ஆறு தடவை பாடியது இருந்தது. ஏழாவது இல்லை.

"போச்சு" என்றான்.

"என் தொண்டையும் போச்சு" என்றாள் அண்ணி. குரல் கட்டியிருந்தது. "இனிமே என்னைக் கேக்காதே. வெந்நீர் குடிச்சுட்டு வரேன்." உள்பக்க வாசல் வழியாக வீட்டுக்குள் போனாள். மிதியடி காலியாகக் கிடந்தது.

அவளுக்குள் ஏதோ இறங்கி ஆசுவாசமாயிற்று. அண்ணி வெளியே போய்விட்டாள். பதிவு முடிந்துவிட்டது.

"என்கிட்ட இருக்கு" என்றாள்.

அண்ணன் திரும்பினான்.

"முழுசா. எட்டரையிலேர்ந்து எல்லாம் இருக்கு. இன்னும் நிறுத்தவே இல்ல, ஓடிட்டிருக்கு." அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. "பேட்டரியில ஓடட்டும் பாவம்னியே."

அவன் டேப்லட்டைப் பார்த்தான். முதல்முறையாக அதன் பக்கம் கையை நீட்டினான்.

"கொண்டா" என்றான். "கொண்டா, தாயே."

அவள் கொடுத்தாள்.

அவன் மேசையிலிருந்த கேபிளின் முனையை டேப்லட்டில் செருகினான். கேபிள் குட்டை. டேப்லட்டை இடது கையிலேயே பிடித்துக்கொண்டான். கம்ப்யூட்டர் திரையில் ஒரு சின்னப் பெட்டி திறந்தது. அதற்குள் அவள் பாட்டுகள் எல்லாம் வரிசையாக வந்தன. முப்பது, நாற்பது. அவள் திரைக்கு முன்னால் குனிந்தாள். அண்ணனின் கம்ப்யூட்டரில் அவள் பாட்டுகள். ஒவ்வொரு பெயராகப் படித்தாள்.

பின்னால் அண்ணன் வழக்கம்போல வலது கையை பீரோவின் மேல் வைத்தான்.

அதன் பிறகு நடந்ததை அவள் எல்லோரிடமும் ஒரே மாதிரிதான் சொன்னாள். டாக்டரிடம், போலீசிடம், அண்ணியிடம். பார்த்தேன், ஓடினேன், மெயினை இறக்கினேன். ஒரு நொடிகூட நிற்கவில்லை. அவள் திரும்பி வந்தபோது அண்ணன் தரையில் கிடந்தான். டேப்லட் இடது கையிலேயே இருந்தது. விரல்களைப் பிரிக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள்.

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம் அண்ணி அவள் வீட்டுக்கு வந்தாள். தண்ணீர் வேண்டாம் என்றாள்.

"அந்தப் பாட்டு இருக்கா?"

"இருக்கு."

டேப்லட் எதையும் சேமிக்கட்டுமா என்று கேட்பதில்லை. பதிவானது இருக்கும்.

"நாடகக்காரர் கேட்டாரா?"

"ரெண்டு தடவை போன் பண்ணினார். நான் எடுக்கல."

"போடு."

ஏழாவது தடவை பாடியதிலிருந்து போட்டாள். அண்ணியின் குரல் வந்தது. சுத்தமாக இருந்தது. அடியில் ஒன்றும் இல்லை. கடைசி வரி உடைந்தது. நாற்காலி நகர்ந்தது. போச்சு என்றான் அண்ணன். அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். வெந்நீர் குடிச்சுட்டு வரேன். என்கிட்ட இருக்கு. பிறகு சிரிப்பு. அவள் நினைத்ததைவிட நீளமாக இருந்தது. கொண்டா, தாயே.

கேபிள் செருகும் சத்தம். அவள் விரலை நிறுத்தும் பொத்தானுக்குக் கொண்டுபோனாள்.

"நிறுத்தாதே" என்றாள் அண்ணி.

இரைச்சல் வந்தது. அதே பழைய இரைச்சல், அதே சுருதியில். கசிந்ததற்குப் போக வழி கிடைத்திருந்தது.

அண்ணி கண்ணைத் திறக்கவில்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்து, நொடிக்கு ஒரு விரலாக மடக்கத் தொடங்கினாள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்தாவது விரலில், அண்ணா என்று அவள் கத்துவது கேட்டது. பிறகு காலடிச் சத்தம். ஒன்பதாவது விரலில் மெயின் விழுந்தது. இரைச்சல் நின்றது.

அண்ணி மடங்கிய விரல்களைப் பார்த்தாள். ஒரு கையை மட்டும் விரித்து, நான்கு விரல்களை மறுபடி மடக்கினாள்.

"நாலு வரைக்கும் நீ ஓடல" என்றாள்.

"அண்ணி—"

"அந்த நாலுல என்ன பண்ணிட்டிருந்தே?"

அவள் டேப்லட்டைப் பார்த்தாள். பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதில் யாரோ யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மறுபடி போடு" என்றாள் அண்ணி.