மண்டோரின் உறுமல்

கலாதேவிக்கு மூக்கின்மேல் கோபம். அதை அவளே ஒத்துக்கொள்வாள். கையுறை ஆலையில் இருபத்தாறு வருடம் ஷிப்ட் வேலை பார்த்தவள், சூப்பர்வைசரையே வாய் திறக்க விடாதவள், எதற்கும் பயந்தவள் இல்லை. அப்படிப்பட்டவளை மாதக்கணக்கில் ஒரு நாயின் உறுமல் ஆட்டி வைத்தது என்றால் யார் நம்புவார்கள்?

ஈப்போவிலிருந்து கோப்பெங் போகும் பழைய சாலையில், ரப்பர் தோட்டம் இருந்த இடத்தில், இப்போது முனியாண்டி கோயில் மட்டும்தான் மிச்சம். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள், தொழிலாளர் லயங்களை இடித்தார்கள், சனங்கள் தாமான் குடியிருப்பு வீடுகளுக்குப் போய்விட்டார்கள். முனியாண்டி போகவில்லை. அரிவாளும் மீசையுமாக அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். ஆலை வேலையை விட்ட பிறகு கலாதேவி தினமும் காலையில் மோட்டார் சைக்கிளில் வந்து கோயிலைக் கூட்டிக் கழுவிவிட்டுப் போவாள். அவளுக்குத் துணை மண்டோர்.

மண்டோர் என்பது நாய். எட்டு வயது, கறுப்பு, ஒரு காது கிழிந்தது. தோட்டத்தில் வேலையாட்களை மேய்த்தவரை மண்டோர் என்பார்கள். இதுவும் காலையில் எழுந்ததும் வேலியோரம் ஒரு சுற்று, குழாயடி ஒரு சுற்று, உண்டியல் பக்கம் ஒரு சுற்று என்று எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டுத்தான் படுக்கும். முனியாண்டியின் காவல் நாய் என்று ஊர் அதற்குக் கும்பிடு போடாத குறை. கலாதேவிக்கு அந்தக் கதையெல்லாம் தேவையில்லை. கல்யாணம் காட்சி என்று ஒன்றும் அமையாமல் ஐம்பத்து மூன்று வயதைத் தொட்டவளுக்கு அது பிள்ளை. அவ்வளவுதான்.

நான்கு மாதத்துக்கு முன்னால் எந்தப் புண்ணியவானோ கோயில் வாசலில் ஒரு பிஸ்கட் பெட்டியை வைத்துவிட்டுப் போனான். உள்ளே ஒரு பெண் குட்டி. பால் ஊற்றிய மைலோ பானத்தின் நிறம். பெயரும் மைலோ என்றே ஆகிவிட்டது. முதல் இரண்டு வாரம் மண்டோர் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அப்புறம் ஆரம்பித்தது பாருங்கள், தினமும் ரகளை. மண்டோர் குட்டியைக் கீழே தள்ளும். கழுத்தைக் கவ்வும். அடிவயிற்றிலிருந்து உறுமும். குட்டி ‘வீல்’ என்று கத்தும். கலாதேவி ஓடி வருவாள். கையிலிருக்கும் துடைப்பத்தால் மண்டோரின் முதுகில் நாலு போடு போட்டுக் குட்டியைத் தூக்கிக்கொள்வாள்.

“வெக்கமா இல்ல உனக்கு? பச்சப் புள்ளயப் போயி கடிக்கிற!”

மண்டோர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விடும். இரண்டு மாதம் இப்படி அடித்து, அப்புறம் அவள் இருக்கும்போது அது குட்டியின் பக்கமே போவதில்லை. புத்தி வந்துவிட்டது என்று கலாதேவி நினைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை மத்தியானம் கோயில் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. அந்த வழியாகப் போன யாரோ எடுத்தது. பத்து விநாடிதான். மண்டோர் வாயில் குட்டியின் கழுத்து, குட்டி மல்லாக்கக் கிடந்து காலை உதைக்கிறது. அன்று சாயங்காலமே கோயில் தலைவர் இராமசாமி அவளுக்குப் போன் போட்டார். கோப்பெங்கில் டயர் கடை வைத்திருப்பவர்; நல்ல மனிதர், ஆனால் எதிலும் சகுனம் பார்க்காமல் அவருக்குச் சோறு இறங்காது.

“கலா, முனியாண்டி அந்தக் குட்டிய ஏத்துக்கல. நாய் மேல எறங்கிக் காட்டுறாரு. இன்னும் மூணு வாரத்துல திருவிழா. சின்னப் புள்ளைங்கல்லாம் வரும். இன்னிக்குக் குட்டியக் கடிக்கிறது நாளைக்குப் புள்ளயக் கடிச்சா யாரு பதில் சொல்றது?”

“அப்ப குட்டியத்தான நான் வீட்டுக்குக் கொண்டு போகணும்ணே?”

“ருசி கண்ட நாய வெச்சிக்கக் கூடாது லா. லூமுட்ல என் மச்சானுக்கு எறா குளம் இருக்கு. காவலுக்கு நாய் கேட்டுக்கிட்டே இருக்கான். செயின் போட்டுக் கட்டிருவான். ஞாயித்துக்கெழம காலையில சாமிகிட்ட பூ போட்டுக் கேட்டுட்டு ஏத்தி விட்டுறலாம்.”

பூ போட்டுக் கேட்பது அந்தக் கோயில் வழக்கம். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சாமி காலடியில் போட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் இருக்கலாம், சிவப்பு வந்தால் போக வேண்டும். எட்டு வருடம் தன் இஷ்டத்துக்குத் திரிந்த மண்டோர் லூமுட்டில் ஓர் இறால் குளத்தோரம் சங்கிலியில் கிடப்பதை நினைத்துக் கலாதேவி அன்று ராத்திரிச் சோறு தின்னவில்லை. அதைவிடக் கொடுமை என்னவென்றால், தலைவர் சொன்னதில் பொய் இல்லை. அவளும் தன் கண்ணால் பார்த்தவள்தானே?

மறுநாள் காலையில் கோயிலுக்கு எதிரே சாலையைத் தாண்டி ஜெய்னம்புவின் கடைக்குப் போய் உட்கார்ந்தாள். ஜெய்னம்புவும் அவள் கணவர் லியாகத் அலியும் பத்து வருடமாக அங்கே ரொட்டி சானாயும், நுரைக்க ஆற்றிய தே தாரேக் தேநீரும் போடுகிறார்கள். விஷயத்தைச் சொன்னதும் ஜெய்னம்பு சிரித்துவிட்டாள். கலாதேவிக்கு வந்ததே ஆத்திரம்!

“எனக்கு உயிர் போவுது, ஒனக்குச் சிரிப்பா?”

“கோச்சுக்காதீங்க கலாக்கா. நாங்க நாயத் தொட மாட்டோம். அதனால பாக்கறது மட்டும்தான். நாலு மாசமா இங்கேருந்து தெனமும் பாக்கறேன். இப்பல்லாம் நீங்க பைக்க எடுத்துட்டுப் போன அப்புறம்தான் இதுங்க ஆட்டமே ஆரம்பிக்கும். இன்னிக்குப் போவாதீங்க. பைக்கப் பின்னாடி நிறுத்திட்டு எங்கூட உக்காருங்க.”

உட்கார்ந்தாள். கால் மணி நேரத்தில் ஆரம்பித்தது. உறுமல் சாலையைத் தாண்டிக் கேட்டது. கலாதேவி எழுந்துவிட்டாள், ஜெய்னம்பு அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

“சத்தத்தக் கேக்காதீங்க, ஒடம்பப் பாருங்க. பெருசு முன்னங்காலத் தரையில போட்டுப் பின்பக்கத்தத் தூக்குது பாத்தீங்களா? வா வெளையாடலாம்னு கூப்புடுது. இப்பக் கழுத்தப் புடிக்குதா? வாய் தொளதொளன்னு இருக்கு. குட்டி கத்திருச்சா? விட்டுருச்சு பாருங்க. இப்ப யாரு மேல?”

கலாதேவி பார்த்தாள். மேலே இருந்தது குட்டி. ஊரே பயப்படும் முனியாண்டியின் காவல் நாய் நாலு காலையும் ஆகாயத்தில் வைத்துக்கொண்டு மல்லாக்கக் கிடந்தது. குட்டி அதன் கிழிந்த காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

“அட கழுத!” என்றாள் கலாதேவி.

“மாத்தி மாத்தித்தான் வெளையாடும். நடுவுல நிறுத்தி மூச்சு வாங்கும். பெருசு விலகிப் போனாலும் குட்டியே பின்னாடி போயி வம்புக்கு இழுக்கும். பயந்த குட்டி திரும்பி வருமா? இத்தன நாள்ல ஒரு காயம் இருந்துச்சா, சொல்லுங்க?”

இல்லை. ஒரு கீறல்கூட இல்லை. அது கலாதேவிக்கு இப்போதுதான் உறைத்தது.

“உண்மையான கோவம் எப்புடி இருக்கும்னு கேக்குறீங்களா? போன மாசம் பெரிய பியாவாக் ஒண்ணு குழாயடிக்கு வந்துச்சு. இவ்ளோ நீளம், பன்றிக்குட்டிய முழுங்கற உடும்பு. மண்டோர் சத்தமே போடல. மரக்கட்ட மாதிரி வெறச்சு நின்னுச்சு. வாய் மூடிக்கிச்சு. கண்ணு ஆடல.”

வெள்ளி, சனி இரண்டு நாளும் கலாதேவி கடையில்தான் பழியாகக் கிடந்தாள். நாலு தே தாரேக், எட்டு தே தாரேக், கணக்கே இல்லை. பார்க்கப் பார்க்க மனசு லேசானது. இவ்வளவு நாளும் இந்த வேடிக்கையைத் தவறவிட்டோமே என்றும் இருந்தது.

ஞாயிறு காலை எட்டு மணிக்குத் தலைவர் மகனுடைய பிக்கப் லாரியில் வந்து இறங்கினார். கமிட்டியில் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். தட்டில் இரண்டு பூப்பொட்டலங்கள். பிக்கப்பின் பின்புறம் புதுச் சங்கிலி ஒன்று பளபளத்தது. கலாதேவி அதைப் பார்த்துவிட்டுச் சன்னதிக்கு முன்னால் போய் நின்று, ஜெய்னம்பு காட்டியது எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள்.

தலைவர் கேட்டுக்கொண்டார். பிறகு கையை முனியாண்டியின் பக்கம் நீட்டினார்.

“சரி. சாமி முன்னாடி சொல்லு. ஒரு தடவகூட அது குட்டிய நெசமா கடிக்கப் போனதில்ல?”

பொய் சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. முனியாண்டி அரிவாளோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு தடவ போச்சுண்ணே,” என்றாள். “ஆட்டு எலும்பு போட்டேன். குட்டி வந்து வாய வெச்சுச்சு. மண்டோர் வெறச்சு நின்னு பல்லக் காட்டுச்சு, அப்புறம் ஒரே பாய்ச்சல். காயம் இல்ல. குட்டி ஓடிருச்சு. அன்னிக்குத் தப்பு எம்மேல. ஒரே எடத்துல ரெண்டுக்கும் சோறு வெச்சேன். இப்பத் தனித்தனியா வெக்கறேன்.”

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. “பாத்தியா?” என்றார் தலைவர்.

“பாத்ததாலதான் சொல்றேன். அது வேற, இது வேற. பூ போடறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. மண்டோர நான் புடிச்சுக்கறேன். தூணுல கட்டியிருக்கற குட்டிய அவுத்து விடுங்க. பயந்து ஒளிஞ்சா நானே மண்டோர பிக்கப்ல ஏத்தி விடறேன். தானா இவங்கிட்ட வந்தா, இவன் இங்கதான்.”

தலைவர் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். மண்டோரின் கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டு கலாதேவி மரத்தடியில் நின்றாள். குட்டியை விட்டார்கள். அது நேராகத் தலைவரின் செருப்பை முகர்ந்தது. பிறகு பிக்கப்புக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. கலாதேவிக்கு உயிரே போய்விட்டது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். தலைவர் தொண்டையைக் கனைத்தார்.

அப்போது குட்டி வெளியே வந்தது. சோம்பல் முறித்தது. நாலே பாய்ச்சலில் மண்டோரின் முன்னால் வந்து முன்னங்காலைத் தரையில் போட்டு, பின்பக்கத்தைத் தூக்கி, ‘வவ்’ என்றது. கூட்டம் சிரித்தது. கலாதேவி சந்தோஷம் தாங்காமல் பட்டையை விட்டுவிட்டாள்.

மண்டோர் அசையவில்லை.

குட்டி காதைக் கடித்தது, வாலை இழுத்தது. மண்டோர் நின்ற இடத்தில் நின்றது. “வெறைக்குது பாரு கலா, வெறைக்குது. பாயப் போவுது, புடி!” என்று தலைவர் கத்தினார்.

கலாதேவி உடம்பைப் பார்த்தாள். காதுகள் பின்னால் படிந்திருந்தன. வால் காலிடுக்கில். கண் குட்டியின் மேல் இல்லை. அவளுடைய கையின் மேல் இருந்தது. அடிக்கு முதுகைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தது.

அவளுக்குப் புரிந்தது. புரிந்ததும் நெஞ்சு வெடித்துவிடும் போல் இருந்தது. இத்தனை நாளும் இதற்குப் புத்தி வந்துவிட்டது என்றல்லவா நினைத்தாள்? விளையாடினால் அடி விழும் என்று இவளிடம்தான் கற்றுக்கொண்டிருக்கிறது. இந்தக் கூட்டத்தில் மண்டோர் பயந்த ஒரே ஆள் அவள்தான்.

“அண்ணே, யாரும் கிட்டப் போவாதீங்க. நான் இருந்தா அவன் வெளையாட மாட்டான்,” என்றாள். சொல்லும்போதே குரல் உடைந்தது. விறுவிறு என்று வாசலைத் தாண்டி, சாலையைக் கடந்து, ஜெய்னம்புவின் கடைக்குள் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். திரும்பிப் பார்க்கவும் தைரியம் இல்லை.

“என்ன பண்ணுது?”

“ஒங்களத்தான் பாக்குது,” என்றாள் ஜெய்னம்பு. ரொட்டி திருப்புவதை நிறுத்திவிட்டாள். “இப்பக் குட்டியப் பாக்குது. மறுபடி இந்தப் பக்கம். இருங்க, இருங்க… குனியுது கலாக்கா!”

அவள் சொல்லி முடிப்பதற்குள் சாலையைத் தாண்டி வந்துவிட்டது, அந்த அடிவயிற்று உறுமல். அடுத்து குட்டியின் ‘வீல்’. அடுத்து ஏழெட்டுப் பேரின் சிரிப்பு, அதில் எல்லாருக்கும் மேலே இராமசாமியின் சிரிப்பு. அவள் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிய அதே சத்தம். கலாதேவி மேசையில் கையை ஊன்றிக்கொண்டு ஓவென்று அழுதாள். லியாகத் அலி ஒரு தே தாரேக்கைக் கொண்டுவந்து வைத்தார்.

தலைவர் இரண்டு பொட்டலங்களையும் பிரிக்காமல் சாமியின் காலடியிலேயே வைத்துவிட்டார். “கேட்டாச்சு, சொல்லியாச்சு,” என்றார். அவருக்கு அதுவும் ஒரு சகுனம். லூமுட் மச்சானிடம் போனில், மண்டோருக்கு இங்கேயே வேலை இருக்கிறது, ஆள் காலி இல்லை என்று சொல்லிவிட்டு, பிக்கப்பில் ஏறிப் போனார்.

ஆனால் கலாதேவி கோயிலுக்குள் திரும்பிய மறுகணமே மண்டோர் குட்டியை விட்டு விலகிப் போய்ப் படுத்துக்கொண்டது. அடுத்த நாளும் அப்படித்தான். அவள் அடிக்கவில்லை, அதட்டவில்லை. மத்தியானம்வரை அங்கேயே தரையில் உட்கார்ந்து திருவிழாவுக்குத் தோரணம் கட்டினாள். “மன்னிச்சுக்கடா” என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். நாய்க்கு அது விளங்கியதா என்ன? கை சும்மா இருப்பதை அது பார்க்க வேண்டும். பார்த்துக்கொண்டே இருந்தது.

ஒன்பதாவது நாள், அவள் குழாயடியில் விளக்குத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னால் ஓர் உறுமல் கேட்டது. கலாதேவி மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்லத் திரும்பினாள். இரண்டு முழம்கூட இல்லை. மண்டோர் அவளைப் பார்த்தது. அவளைப் பார்த்துக்கொண்டே குட்டியின் கழுத்தைக் கவ்வியது.

“கடிடா,” என்றாள் கலாதேவி. “நல்லாக் கடி.”