இடப்பக்கம் சுழலும் படி

கதிர்காமநாதன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் விரித்திருந்த வரைபடத்தைப் பேராசிரியர் ஃபோர்ப்ஸ் குனிந்து பார்த்தார். ஸ்கொட்லாந்தில், ஒரு குன்றின் உச்சியில் அவருடைய முன்னோர் கட்டிய கோபுர வீட்டின் படம் அது. அவர் கிறுக்கிக் கொடுத்திருந்த அளவுப்படத்தை அவருடைய கட்டடக்கலை மாணவனான கதிர்காமநாதன் சுத்தமாக வரைந்திருந்தான். ஆள் படுக்கக்கூடிய தடிப்பில் சுவர்கள், மாடுகளை அடைக்க யன்னலில்லாத கீழ்த்தளம், அம்பு நுழையும் அளவுக்கு மட்டும் கீறல்கள். படிப்பு முடிந்ததும் பல்கலைக்கழகத்தில் அவருடைய துறையில் வேலை கிடைப்பது இந்த மனிதரின் ஒரு சொல்லில் இருந்தது. அந்தப் பயத்தில் கிளேட்டனில் தாங்கள் வாடகைக்கு இருந்த ஃபிளாட்டைக் காலையிலிருந்து மனைவியைக்கொண்டு திரும்பத் திரும்பக் கூட்டுவித்திருந்தான்.

சிவனேஸ்வரி வடைத் தட்டை இடக்கையால் நீட்டினாள். யாழ்ப்பாணத்தில் சித்திரம் படிப்பித்தவள். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கையைத் திருத்திக்கொண்டுதான் இருக்கிறான். அவசரமென்றால் அதுதான் முந்தும்.

“சோத்துக்கையாலை குடும். மானத்தை வாங்காதையும்,” என்றான் மெல்லிய குரலில்.

கை மாற்றியதில் ஒரு வடை கீழே விழுந்தது.

ஃபோர்ப்ஸுக்குத் தமிழ் விளங்காது. சுழல்படியில் விரலை வைத்து, இது ஏன் வலப்பக்கமாக ஏறுகிறது என்று கேட்டார். மூலப்படத்தில் தவறுதலாக இடப்பக்கம் இருந்ததைத் தான் திருத்தியதாகக் கதிர்காமநாதன் பெருமையோடு சொன்னான். மேலே நின்று காப்பவனின் வாள் வீசும் வலக்கைக்கு இடம் வேண்டும், புத்தகங்களெல்லாம் அப்படித்தான் சொல்கின்றன.

அவர் சிரித்தார். தவறே இல்லை, கட்டியவரும் மகன்மாரும் இடக்கைக்காரர்கள், அவர்களுக்காகவே படியைத் திருப்பிக் கட்டினார்கள் என்றார். சொல்லிக்கொண்டே ஒரு வடையை இடக்கையால் எடுத்துக் கடித்தார். வகுப்பில் எத்தனையோ தடவை பார்த்த கைதான். அவரில் அதை ஒரு குறையாக அவன் நினைத்ததேயில்லை.

நீங்களும் என்னைப்போலத்தானா என்று ஃபோர்ப்ஸ் சிவனேஸ்வரியைக் கேட்டார்.

அவள் கணவனைப் பார்த்தாள். “நோ,” என்றாள்.

கதிர்காமநாதனுக்கு முகம் எரிந்தது. யாரோ ஒருவன் பிள்ளைகளின் கைக்காகக் கல்லையே திருப்பியிருக்கிறான். தன் வீட்டில் ஒருத்தி தன் கையையே இல்லையென்று சொல்கிறாள், அதுவும் அவன் மானத்தைக் காப்பாற்ற. வெட்கத்தில் அதற்குப் பிறகு அவர் பேசியது எதுவும் காதில் ஏறவில்லை. வேலையைப் பற்றிக் கேட்கவும் வாய் வரவில்லை.

அவர் போனதும் புதுத் தாளை விரித்தான்.

“இந்தப் படியை நீர் கீறும். உமக்கு அந்தப் பக்கம் சுகமாய் வரும்.”

பேனையை அவளுடைய இடக்கைக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றான். சிவனேஸ்வரி கை ஈரத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, வலக்கையை நீட்டி அதை வாங்கினாள்.