தர்மனைச் சுருட்டிய புழு

போன ஐப்பசியில், நல்லம்பள்ளிப் பக்கத்து மல்பெரித் தோட்டம் ஒன்றில், இலைச்சுருட்டுப் புழு தோட்டக்காரன் தர்மனையே சுருட்டிவிட்டது. வெங்காயம் விலை இறங்கியிருந்த வாரம். காலையில் பெண்டாட்டி கோவிந்தம்மாள் கூழ் கொண்டுபோனபோது, செடி வரிசைக்கு நடுவே ஆள் உயரத்துக்கு ஒரு பச்சைச் சுருள் நின்றது. கூழை ஓரமா வை என்று உள்ளேயிருந்து தர்மன் சொன்னான். அவள் அரிவாளால் அறுத்துப் பார்த்தாள். அறுத்த இடத்தைப் புழு நூல்விட்டு மறுபடி தைத்தது.

அதற்கு முந்தின வாரம், பட்டுப்புழு வளர்க்கும் பக்கத்துக் காட்டு சாலம்மாளுக்கு மல்பெரித் தழை பத்தவில்லை. கடைசித் தோல் உரித்த பட்டுப்புழு ராப்பகலாகத் தின்னும். அந்தப் பக்கம் ஒருத்தருக்கொருத்தர் தழையைக் கைமாற்றாகக் கொடுப்பார்கள், வாங்கினவர் பின்னால் தழையாகவே திருப்புவார். மருந்தடித்த தழை பட்டுப்புழுவைக் கொன்றுவிடும் என்பதால், கொடுக்கிறவர் ஒரு கொழுந்தை மென்று காட்டுவது வழக்கம். தர்மன் தோட்டத்தில் இலைச்சுருட்டு விழுந்திருந்தது. சுருண்ட கொழுந்தைக் கிள்ளி சோப்புத் தண்ணியில் போட ஆள் கிடைக்காமல் மருந்தடித்திருந்தான். அடிக்காத ஓரச் செடியில் ஒரு கொழுந்தைக் கிள்ளி மென்று காட்டிவிட்டு, எடுத்துக்க தங்கச்சி என்று அடித்த தழையைக் கட்டிக் கொடுத்தான். விடிவதற்குள் சாலம்மாளின் பட்டுப்புழு, வளர்ப்பு வூடு முழுக்கப் பச்சையாகக் கக்கிச் செத்துக் கிடந்தது.

சுருளைப் பார்க்கப் பட்டு ஆபீஸிலிருந்து நிர்மலா மேடம் வந்தார். நெல்லைச் சுருட்டுவது ஒரு இனம், பருத்தியைச் சுருட்டுவது வேறு இனம், மல்பெரிப் பூச்சி மல்பெரியைத் தவிர எதையும் தொடாது, ஆளைச் சுருட்டியதால் இது புது இனமாக இருக்கும், ஆனால் புழுவை வைத்துச் சொல்ல முடியாது என்று ஒரு புழுவை பாட்டிலில் வளர்த்தார். வெள்ளை இறக்கையில் பழுப்புப் பட்டை போட்ட சின்ன அந்துப்பூச்சி வெளியே வந்தது. லென்ஸில் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பழைய பூச்சியேதாங்க" என்றார். அப்படியென்றால் இனம் மாறினது தர்மன்தான் என்று டீக்கடையில் முடிவானது.

அன்றைக்குத்தான் சாலம்மாள் தோட்டத்துக்கு வந்தாள்.

"மருந்து வீரியம் போயிருக்கும்னு நெனச்சேன் தங்கச்சி" என்றது சுருள்.

"அப்ப அதையே உன் பட்டுப்புழுவுக்குப் போட வேண்டியதுதானேண்ணா. அதுக்கு மட்டும் என் நல்ல தழையத் திருப்பி வாங்கலாம்னு இருந்த."

சுருள் இன்னும் ஒரு சுற்று இறுகியது. சாலம்மாள் வூட்டுக்குப் போய் புழுத் தட்டுகளை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினாள்.

கோவிந்தம்மாள் சொட்டுநீர்க் குழாயை நீட்டி அவன் காலடிக்கும் விட்டிருக்கிறாள். மாசியில் தழை அறுக்க வந்த பெண்கள், இந்தப் பெரிய செடியையும் அறுக்கலாமாக்கா என்று கேட்டார்கள்.

"அது வேணாம்" என்றாள். "மருந்தடிச்சது."